காசோலை அடிக்கட்டையும் குடும்பக் கணக்கும்

காசோலையைக் கிழிப்பதற்கு முன்னர் அதன் அடிக்கட்டையில் திகதி, பெறுபவரின் பெயர், தொகை, காரணம், கணக்கில் எஞ்சிய மீதி ஆகியவற்றை எழுதிவைப்பது ஒரு தலைமுறைக்கு முன்னர் எமது உத்தியோகத்தர்களும் வர்த்தகர்களும் வழுவாது கடைப்பிடித்த வழக்கமாகும். எழுதி முடிந்த அடிக்கட்டைகள் இறப்பர் வளையம் இடப்பட்டு, காணி உறுதிகளோடு அலுமாரியில் பல்லாண்டுகள் கிடந்தன.

இன்று அந்த வழக்கம் அருகி வருகின்றது. லங்காகிளியர் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் செஃப்ட்ஸ் முறைமையை ஆரம்பித்த பின்னர், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து வேறொரு வங்கியிலுள்ள கணக்குக்குச் சில விநாடிகளில் பணம் அனுப்ப முடிகின்றது. இந்த வசதியை நாம் குறைகூற முற்படவில்லை. ஆனால் பணம் செலுத்தும் வழி மாறியபோது கணக்கெழுதும் கையும் மாறிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கத் தவறுகின்றனர்.

காசோலை என்பது குறித்த தொகையைக் குறித்த ஒருவருக்குச் செலுத்துமாறு கணக்குடையவர் தமது வங்கிக்கு விடுக்கும் எழுத்து மூலமான கட்டளையாகும். வங்கி தனது ஏட்டில் காசோலை இலக்கத்தையும் தொகையையும் பதிகின்றது. யாருக்கு, எதற்காக என்ற விபரம் அடிக்கட்டையில் இருக்கின்றது. இருவேறு கைகளால் எழுதப்பட்ட இவ்விரு பதிவுகளையும் மாத முடிவில் ஒப்பிட்டால், வங்கியின் தவறும் தெரியவரும். எமது தவறும் தெரியவரும். இலத்திரனியல் முறையில் எஞ்சுவதோ வங்கியின் பதிவு ஒன்றே. எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்பதை அது பிழையின்றிச் சொல்லும். எதற்காக என்பதை நாம் எழுதினாலன்றி அது சொல்லமாட்டாது. அதற்கென விடப்பட்ட சிறு இடத்தைப் பெரும்பாலானோர் வெறுமையாகவே விடுகின்றனர்.

இதன் விளைவு பெரும்பாலும் ஒரு மரணத்தின் பின்னரே வெளிப்படுகின்றது. வெளிநாட்டிலுள்ள மகன் தந்தையின் கணக்குக்குப் பல தடவைகள் பணம் அனுப்புகின்றான். காணிக்கு ஒரு பகுதி, தங்கையின் திருமணத்துக்கு ஒரு பகுதி, தம்பிக்குக் கடனாக ஒரு பகுதி என அது செலவாகின்றது. தந்தை இறந்ததும் அவரது கையடக்கத் தொலைபேசியின் இரகசிய இலக்கம் எவருக்கும் தெரியவில்லை. வங்கிக் கூற்றைப் பெற்றாலும் அதில் திகதிகளும் தொகைகளுமே உள்ளன. கடன் எது, அன்பளிப்பு எது என்று சகோதரர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கின்றனர். ஆண்டுதோறும் ஸகாத்தைக் கணக்கிடும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், பிறரிடமிருந்து வரவேண்டிய கடன் எவ்வளவு, தாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்ற தெளிவு அவசியமாகின்றது. கணக்குக் கேட்பதைச் சந்தேகப்படுவதாகக் கருதும் மனப்போக்கு எம்மிடையே உண்டு. கணக்கு இல்லாத வீட்டிலேயே சந்தேகம் வளர்கின்றது என்பது நாம் கண்ட அனுபவம்.

அதற்காகக் காசோலைக்கே திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், யுத்த காலத்தில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த தமிழர்களும், 2004 இல் ஆழிப்பேரலைக்கு வீடுகளைப் பறிகொடுத்த கரையோர மக்களும் காகிதத்தின் நிலையாமையை நன்கறிவர். வங்கியின் இலத்திரனியல் பதிவு எமது வீட்டோடு எரிவதில்லை. மேலும் இன்றைய காசோலையும் முழுமையான காகிதம் அல்ல. 2006 ஆம் ஆண்டிலிருந்து அதன் பிம்பமே வங்கிகளுக்கிடையில் அனுப்பப்படுகின்றது. காகிதம், வைப்பிலிடப்பட்ட வங்கியின் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றது.

எனினும் வங்கி எல்லாவற்றையும் என்றென்றும் பேணி வைத்திருக்கும் என எண்ணுவது தவறு. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் பதிவுகளை 6 ஆண்டுகள் பேணுமாறே நிதி நிறுவனங்களைப் பணிக்கின்றது. காணித் தகராறுகளோ அதனைவிட நெடுங்காலம் நீள்பவை. ஆதலால் மாதாந்தக் கூற்றை வங்கியின் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கி வேறோர் இடத்தில் சேமித்தல் வேண்டும். இயலுமாயின் அச்சிட்டும் வைக்கலாம். தொலைபேசித் திரையைப் படமெடுத்து வைத்தால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. அத்தகைய படத்தை எவரும் மாற்றியமைக்க முடியும். தொலைபேசி பழுதடைந்தால் படமும் போய்விடும்.

பணம் அனுப்பும்போது, குறிப்புக்கான இடத்தில் "காணி இரண்டாம் தவணை", "கடன் திருப்பியது" என இரண்டு சொற்களாவது இடப்படுதல் வேண்டும். கணக்கிலக்கத்தை ஒரு தடவைக்கு இரு தடவை சரிபார்த்தல் அதனினும் முக்கியம். காசோலையில் பெயரைப் பார்ப்பதற்கு வங்கியில் ஓர் உத்தியோகத்தர் இருந்தார். இங்கு இலக்கம் தவறினால் பணம் முன்பின் அறியாத ஒருவரிடம் சேரலாம். அதனை மீளப்பெறுவது இலகுவான காரியமன்று.

இவற்றோடு ஓர் அப்பியாசக் கொப்பியும் தேவை. முன்னர் அடிக்கட்டையில் எழுதியவற்றையே அதில் எழுதலாம். கொப்பி இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். இரகசிய இலக்கத்தை எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.