பழுதடைந்த இருசில்லு உழவு யந்திரத்தை இழுவைப் பெட்டியில் ஏற்றும் முறை

வாய்க்காலில் நீர் வந்துவிட்ட வேளையில் உழவு யந்திரம் பழுதுற்றால், அதனை விரைந்து திருத்துமிடம் சேர்க்கக் கமக்காரர் விரும்புவது இயல்பே. ஆயினும், அவசரமாக ஏற்றும்போது யந்திரம் பின்னோக்கி உருண்டு, கீழே நிற்பவரின் காலை நசுக்கக்கூடும். ஆதலால் பின்வரும் முறையைக் கைக்கொள்ளல் நன்று.

முதலில் இரும்புச் சில்லுகளைக் கழற்றி, இறப்பர்ச் சில்லுகளைப் பூட்டுக. எரிபொருட் குழாயை மூடி, கியரை நடுநிலையில் வைக்கவும்.

இழுவைப் பெட்டியை அதனை இழுக்கும் யந்திரத்தினின்று கழற்றலாகாது. கழற்றினால், பின்புறத்திற் பாரம் ஏறியவுடன் முன்புறம் மேலெழும். பெட்டியின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும்.

தெருவினும் உயர்ந்த மேட்டுக்கரை இருப்பின், பெட்டியின் பின்புறத்தை அதனோடு அணைத்து நிறுத்துவதே சிறந்தது; பலகை ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். மேடு இல்லாவிடின், 3 அடி உயரத்துக்கு 12 அடி நீளமான உறுதியான பலகைகள் இரண்டு வேண்டும். இச்சரிவில் 400 கிலோ நிறையுள்ள யந்திரத்தை ஏற்ற 100 கிலோவுக்குச் சற்றுக் கூடிய இழுவை போதும். 6 அடிப் பலகையாயின் அது ஏறக்குறைய இருமடங்காகும்.

கயிற்றை யந்திரத்தின் அடிச்சட்டத்திற் கட்டி மெதுவாக இழுக்கவும்; தளரும் கயிற்றை அவ்வப்போது பெட்டியின் முன்சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்க. இருவர் இருபக்கமும் நின்று கைபிடியைத் தாங்குக. வேறொருவர் பக்கத்தில் நின்று, சில்லின் பின்னே நீண்ட காம்புள்ள கட்டையை இட்டுவருதல் வேண்டும். யந்திரத்தின் பின்னே எவரும் நிற்றலாகாது.

ஏறியபின் பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னே அமையட்டும். கியரைப் பூட்டி, நான்கு மூலைகளிலும் இறுகக் கட்டுக.

உழவு ஒரு நாள் பிந்தினும் ஈடுசெய்யலாம். உழுபவர் ஊனமுறின் அப்போகமே பாழாகும்.