ஒரு மணி நேர விமானம், ஐந்து மணி நேரப் பயணம்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் ஒரு மணியை ஒட்டி வரும். டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர். அதற்கு இரண்டே முக்கால் மணி ஆகும். தூரம் ஆறரை மடங்கு கூடியும் நேரம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. காரணம், அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமடிப்பது எல்லாம் இதில் சேரும். 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற பொதுவான கட்டுப்பாடும் உண்டு. 800 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய ஜெட், பெங்களூரு வழியில் அந்த வேகத்தைத் தொட்ட சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்.

தூரம் எவ்வளவானாலும் மாறாத இந்த நேரச் செலவு வானத்தோடு முடிவதில்லை. உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். அதனால் ஒன்றரை மணி நேரமாவது முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். 2008 வரை பெங்களூரு விமான நிலையம் ஊருக்குள் எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. அந்த ஆண்டு, மையப் பகுதியிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் தேவனஹள்ளிக்குப் போனது. அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு மணி நேரம். நெரிசல் என்றால் இன்னும் கூடுதல். சென்னையில் வீட்டிலிருந்து கிளம்பும் முக்கால் மணி, பெட்டிக்குக் காத்திருக்கும் அரை மணி இவற்றையும் சேர்த்தால் கணக்கு ஐந்து மணியை நெருங்குகிறது. 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத், சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூரு நகர ரயில் நிலையத்துக்கு ஏறக்குறைய நாலரை மணியில் போகிறது. இரண்டு நிலையங்களும் ஊரின் நடுவில் இருப்பதால் வீடு முதல் வீடு வரை கணக்கிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது.

அப்படியானால் இந்த வழித்தடத்தில் விமானங்கள் நிரம்புவது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெங்களூருவில் இறங்கி வேறு விமானம் பிடிப்பவருக்கு ரயில் உதவாது. எலஹங்கா பக்கம் போகிறவருக்குத் தேவனஹள்ளிதான் கிட்ட. ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது. விமானமோ நாள் முழுக்க இருக்கிறது. இவையெல்லாம் விமானத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள். ஆனால் எதுவும் வேகம் அல்ல. டெல்லி என்றால் கதை வேறு: வேகமான ரயிலே ஒரு நாளைத் தாண்டும், விமானத்தில் எல்லாம் சேர்த்தும் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். அங்கே தரையில் போகும் நேரத்தைத் தூரம் ஈடுகட்டிவிடுகிறது.

இதை ஓர் அரசே கணக்கில் எடுத்திருக்கிறது. ரயிலில் இரண்டரை மணிக்குள் போக முடிந்த சில உள்நாட்டு வழித்தடங்களில் விமானச் சேவையை பிரான்ஸ் 2023இல் தடை செய்தது. சூழல் மாசைக் குறைப்பதே நோக்கம் என்றாலும், அவ்வளவு குறுகிய தூரத்தில் பயணிக்குப் பெரிய நேர இழப்பு இல்லை என்ற கணிப்பு இல்லாமல் அப்படி ஒரு சட்டம் போட முடியாது. நமக்குத் தடை தேவையா என்பது வேறு விவாதம். டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான நேரத்தை விட்டுவிட்டு, இரண்டு வாசல்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.