மதிகேடன் யார்? – இறைமறுப்பும் திருச்சபையின் சான்றும்

நாத்திகத்தைக் குறித்து அருளுரை ஆற்றும்போது நம்மில் பலர் முதலில் நாடுவது 14ஆம் சங்கீதத்தின் தொடக்க வசனத்தையே ஆகும். கடவுள் இல்லை என்று உள்ளத்தில் எண்ணுபவனை மதிகேடன் என்று அவ்வசனம் அழைப்பதால், இறைமறுப்பாளர் யாவரும் அறிவிலிகள் என்னும் முடிவுக்கு நாம் எளிதில் வந்துவிடுகிறோம். சபையாரும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். ஆனால் அச்சங்கீதம் உண்மையில் யாரைச் சுட்டுகிறது என்பதை ஆராய்ந்த பின்னரே நாம் பிறரை நோக்கி விரல் நீட்டல் தகும்.

சங்கீதத்தின் மதிகேடன்

மதிகேடன் என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள எபிரெயச் சொல் ‘நாபால்’ என்பதாகும். இது அறிவுக்குறையைவிட ஒழுக்கக் கேட்டையே மிகுதியும் குறிக்கும். 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில், பசித்துவந்த தாவீதின் ஆட்களுக்கு உணவளிக்க மறுத்த செல்வனின் பெயரும் இதுவே. அவன் கடவுள் உண்டா என்று தத்துவ வாதம் புரிந்தவன் அல்லன். தன்னைக் கேட்பார் எவருமில்லை என்பதுபோல் வாழ்ந்தவன். சங்கீதத்தின் 4ஆம் வசனமும் இதனையே உறுதிசெய்கிறது. அங்கே கண்டிக்கப்படுவோர், அப்பத்தை உண்பதுபோல் கடவுளின் மக்களை விழுங்குவோரே. மேலும், பவுல் அடிகளார் ரோமர் 3ஆம் அதிகாரத்தில் இச்சங்கீதத்தை எடுத்தாளும்போது, யூதர், கிரேக்கர் என்னும் வேறுபாடின்றி எல்லா மனிதர்மீதும் அதனைச் சார்த்துகிறார். ஆகவே, இது பிறரைத் தாக்கும் கருவியன்று. நம்மையே காட்டும் கண்ணாடியாகும்.

நாத்திகர் எனப்பட்ட கிறிஸ்தவர்

வரலாற்றில் ஒரு காலத்தில் நாத்திகர் என்னும் பழிச்சொல்லைச் சுமந்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பது நினைவுகூரத்தக்கது. பேரரசின் தெய்வங்களை வணங்க மறுத்ததால் இரண்டாம் நூற்றாண்டில் உரோமர் அவர்களை அவ்வாறு அழைத்தனர். இரத்தசாட்சியாகிய ஜஸ்டின் தமது முதலாம் விளக்கவுரையில், அத்தகைய பொய்த் தெய்வங்களைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்வதாகவே எழுதினார். பொய்த் தெய்வங்களை மறுப்பது மெய்யான விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதே இதன் பொருள். எனவே ஒருவர் கடவுளை மறுக்கும்போது, எந்தக் கடவுளை மறுக்கிறார் என்று முதலில் கேட்டறிதல் நம் கடமையாகும்.

தமிழகத்தில்

தமிழ் மண்ணில் இறைமறுப்பு நேற்று முளைத்ததன்று. 1880களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்னும் ஏட்டின் வாயிலாகச் சாதியையும் சடங்கையும் சாடினர். மிஷனெரிமாரின் போதனைகளையும் விட்டுவைக்கவில்லை. பின்னர், 1925இல் ‘குடி அரசு’ ஏட்டைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ரா. சுயமரியாதை இயக்கத்தை நடத்தினார். அவருடைய இறைமறுப்பு மனிதனின் இழிவைக் கண்ட கோபத்திலிருந்து எழுந்தது. ஒரு மனிதனைப் பிறப்பினால் தாழ்ந்தவன் என்று விதிக்கும் கடவுள் இருக்கலாகாது என்பதே அதன் உள்ளீடு. அப்படிப்பட்ட கடவுளை ஆமோஸ் தீர்க்கதரிசியும் ஏற்றிருக்கமாட்டார்.

மூவகை மறுப்பு

இன்றைய இறைமறுப்பை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, அறிவியல் வழி மறுப்பு. 2006இல் வெளிவந்த ரிச்சர்ட் டாக்கின்ஸின் நூல் இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது. அறிவியல் இன்னும் விளக்காத இடைவெளிகளில் கடவுளை வைப்பவர்களுக்கு இத்தகைய வாதம் அச்சமூட்டும். ஏனெனில் அறிவு வளர வளர அவர்களுடைய கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். நாட்சி ஆட்சியில் சிறைப்பட்டிருந்த போன்ஹோபர் 1944இல் எழுதிய கடிதங்களில் இத்தவற்றை முன்னரே சுட்டிக்காட்டினார். படைப்பின் கோட்பாடு உலகின் காரணங்களுள் ஒன்றாகக் கடவுளைச் சேர்ப்பதன்று. உலகம் முழுவதும் அவரால் நிலைநிற்கிறது என்று அறிக்கையிடுவதாகும்.

இரண்டாவது, துன்பத்தின் வழி மறுப்பு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் தர்க்கம் பேசுவது யோபுவின் நண்பர் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். அங்கே உடனிருத்தலும் சிலுவையின் கதறலை நினைவுகூர்தலுமே நாம் செய்யத்தக்கவை.

மூன்றாவது, நீதியின் வழி மறுப்பு. இதுவே நம்மை மிகுதியும் சுடுவது. நான் போதகராய்ப் பணியாற்றிய ஓர் ஊரில், ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்ட ஓர் இளைஞரைச் சந்திக்கச் சென்றேன். கடவுள் உண்டு என்பதற்கான ஆதாரங்களை ஆயத்தம் செய்துகொண்டே சென்றிருந்தேன். அவர் அமைதியாகக் கேட்டார்: “ஐயா, கடவுள் உண்டா என்பது என் கேள்வி அல்ல. நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்கென்று சுவர் எழுப்பியிருக்கிறார்களே, அவர்களுக்குக் கடவுள் உண்டா?” அச்சுவரின் இருபுறமும் நின்று உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை வாசித்தவன் நான். ஒருமுறையேனும் அதனை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று என்னிடம் மறுமொழி இல்லை. சங்கீதத்தின் மதிகேடன் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தான். ஆனால் அது அந்த இளைஞரல்லர்.

அருட்பணியின் வழி

அங்ஙனமாயின் நற்செய்தியை அறிவியாது வாளாவிருத்தல் வேண்டுமோ? அன்று. நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிப்போர்க்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் மறுமொழி கூற ஆயத்தமாயிருக்கும்படி 1 பேதுரு 3:15 பணிக்கிறது. இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. அவ்வசனம், விசாரிப்பவர் ஒருவர் உண்டு எனக் கொள்கிறது; நம் வாழ்வில் விசாரிக்கத்தக்கது ஏதுமில்லையாயின் கேள்வியே எழாது. அன்றியும், மறுமொழி தரவேண்டுமாயின் முதலில் செவிகொடுத்தல் வேண்டும். பவுலும் அத்தேனே பட்டணத்தைச் சுற்றிப் பார்த்த பின்னரே மார்ஸ் மேடையில் பேசினார்.

சிறுமைப்பட்டவனுடைய நியாயத்தை விசாரிப்பதே ஆண்டவரை அறிதல் என்று எரேமியா 22:16 உரைக்கிறது. அந்த அறிவு நம் சபைகளில் காணப்படும் நாளில், மறுப்போர் அனைவரும் மனந்திரும்புவர் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், அன்று அவர்கள் மறுப்பது மெய்யாகவே கிறிஸ்துவையாக இருக்கும். நாம் எழுப்பிய சுவரையாக இராது. அச்சுவரை இடிக்கும் பணி, இறையியல் கற்கும் மாணவர்க்கும் கற்று மறந்த எம்போன்ற போதகர்க்கும் ஒருங்கே உரியதாகும்.