கிணற்று மேட்டு எஞ்சின்

பௌதிகத்தை நான் முதன்முதலாகக் கற்றது வகுப்பறையில் அன்று. எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில்தான். பாட்டனார் காலம்வரை அங்கே எருதுகள் கவலை இறைத்தன. பின்னர் என் தந்தையார் 5 குதிரைத்திறன் கொண்ட பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார்.

அதனைக் கிளப்புவது ஒரு தனிக் கலை. டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்று கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடேற, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அத்தனை அழுத்தத்தைக் கையால் வெல்ல இயலுமா? ஆகவே ஒரு நெம்புகோலைத் தூக்கி வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு, கைப்பிடியால் கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழற்றுவோம். சக்கரம் வேகம் கொண்டதும் நெம்புகோலை விட்டால், அந்த வேகமே காற்றை அழுத்திவிடும். கைப்பிடியை உரிய நேரத்தில் உருவத் தவறினால் மணிக்கட்டுக்கு ஆபத்து.

1974ஆம் ஆண்டுக் கோடையில் கிணற்று நீர் கீழிறங்கிற்று. எஞ்சின் ஓடியது, குழாயிலோ ஒரு சொட்டு நீர் இல்லை. தந்தையார் அடிவால்வைக் கழற்றித் தோல் வாசரை மாற்றினார். சாணம் கரைத்த நீரைக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். பயனில்லை. கரும்பு கண்முன்னே வாடிற்று.

பாடநூலைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கிற்று. பம்பு நீரை இழுப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே கிணற்று நீரின்மேல் அழுத்தும் வாயுமண்டலமே நீரை மேலே தள்ளுகிறது. அதனால் தாங்க முடிந்தது சுமார் 34 அடி உயரத்து நீர்தான். கசிவும் உராய்வும் போக, 25 அடி கிடைத்தால் பெரிது. எங்கள் நீர்மட்டம் 30 அடியைத் தாண்டியிருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைத் தந்தையார் கேட்டுக்கொண்டார், மறுமொழி கூறவில்லை. மறுநாளே கிணற்றுச் சுவரில் மேடை வெட்ட ஆட்கள் வந்துவிட்டனர்.

எஞ்சினை வடம் கட்டி இறக்கினோம். நீர் பொங்கி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, எஞ்சினை நிறுத்த இறங்கிய தந்தையார் தலைசுற்றிப் படியிலேயே அமர்ந்துவிட்டார். காற்றோட்டமற்ற கிணற்றுக்குள் புகை தேங்கி நின்றிருக்கிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்துவிடும். மேலிருந்து வீசிய கயிற்றைத் தாமே இடுப்பிற் கட்டிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நினைவு எஞ்சியிருந்தது. இல்லையேல், காப்பாற்ற இறங்குபவரும் உடன் மாண்டிருப்பார். கிணற்று விபத்துகளில் இவ்வாறே ஒருவர் பின் ஒருவராகப் பலர் மடிகின்றனர்.

அழுத்தத்தைப் பற்றிப் படித்த நான் புகையைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு புகைக்குழாயை நீட்டிக் கிணற்று வாய்க்கு மேலே கொண்டுவந்தோம். அதன் பின்னரும் தந்தையார் எஞ்சினை நிறுத்த எவரையும் இறங்க விட்டதில்லை. நிறுத்தும் நெம்புகோலில் கம்பி ஒன்றைக் கட்டி, மேட்டில் நின்றபடியே இழுத்துவிடுவார்.