பளிங்குப் பதிகல் வேலைப்பாட்டில் தேய்பொருள் தேர்வு

ஆக்ராவின் பர்ச்சின்காரி வேலைப்பாட்டில் வெண்பளிங்கைக் குடைந்து, அக்குழியில் வண்ணக்கற்கள் பதிக்கப்படுகின்றன. பின்னர் முழுப்பரப்பும் ஒருசேரத் தேய்த்துச் சமன்செய்யப்படுகிறது. இடர்ப்பாடு இங்குதான் தோன்றுகிறது. மோஸ் அளவுகோலில் பளிங்கின் கடினம் 3. லாபிஸ் லசுலி 5 முதல் 5.5, சூதுபவளம் 6.5 முதல் 7. ஆதலின் ஒரே தேய்ப்பில் பளிங்கு விரைந்து பள்ளமாக, சூதுபவளம் மேடாக எஞ்சுகிறது.

கார்னெட் தாள் சூதுபவளத்திற்கு ஏறத்தாழ நிகரான கடினமுடையது. அது பளிங்கையே மிகுதியாக அரிக்கும். குருந்தம் (9), சிலிக்கான் கார்பைடு (9க்கு மேல்), வைரம் (10) ஆகியனவே பொருந்துவன. 'கொரண்டம்' என்னும் ஆங்கிலப் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்பதன் வழிவந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எமரியும் குருந்தம் கலந்ததே. எனினும் அதிலுள்ள கரிய இரும்பு ஆக்சைடு வெண்பளிங்கின் நுண்துளைகளில் படியக்கூடும்.

கடினம் மட்டும் போதாது. துணி, நுரைப்பஞ்சு போன்ற மென்தாங்கிகள் பளிங்கின் பள்ளத்துள் அமிழ்ந்து அதனை மேலும் ஆழமாக்கும். எனவே தேய்தாளைத் தட்டையான, வளையாத கட்டையில் பொருத்துதல் வேண்டும். மழுங்கிய தாளை நீட்டித்துப் பயன்படுத்துவது, என் கருத்தில், இவற்றினும் பெரிய பிழை: அது சூதுபவளத்தின்மீது வழுக்கிச் செல்லும், பளிங்கையோ தொடர்ந்து தேய்க்கும். சூதுபவளம் சிலிக்காவாலானது, அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் நீரூற்றியே தேய்த்தல் வேண்டும்.