வல்லூறு வளர்த்த சிறுவன்

ஹெட்மாஸ்டரின் அறை வாசலில் சில பையன்கள் நிற்கிறார்கள். புகை பிடித்தவர்கள் சிலர். காலைப் பிரார்த்தனையில் தூங்கி வழிந்தவன் ஒருவன். எல்லோரும் பிரம்படி வாங்க வந்தவர்கள். அந்தச் சமயத்தில் ஒரு பொடியன், தன் உபாத்தியாயர் சொல்லியனுப்பிய சேதியைச் சொல்வதற்காக அங்கே வந்து சேருகிறான். பெரிய பையன்கள் தங்களிடமுள்ள சிகரெட்டுகளை அவனிடம் தள்ளிவிடுகிறார்கள். ஹெட்மாஸ்டர் வருகிறார். "நீ எதற்கு வந்தாய்?" என்று கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளே உருப்பட மாட்டார்கள் என்று நீண்ட பிரசங்கம் செய்கிறார். பொடியன் இரண்டொரு முறை வாயைத் திறக்கப் பார்க்கிறான், முடியவில்லை. வரிசையோடு வரிசையாக அவனுக்கும் அடி விழுகிறது. கண்ணீர் பொலபொலவென்று உதிர்கிறது.

முதலில் நமக்குச் சிரிப்பு வருகிறது. பிரம்பு இறங்கியதும் சிரித்ததற்காக வெட்கம் வருகிறது.

1969-ம் வருஷத்தில் கென் லோச் என்னும் டைரக்டர் எடுத்த 'கெஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் வரும் காட்சி இது. இருநூறு வருஷ காலம் ஆங்கிலேயரோடு பழகிய நமக்கு அவர்களில் எந்த ரகத்தைத் தெரியும்? கலெக்டர் துரையைத் தெரியும், பாதிரியாரைத் தெரியும், கிரிக்கெட் ஆடும் சீமான் வீட்டுப் பிள்ளைகளைக் கதைப் புத்தகங்களில் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் அண்ணனோடு ஒரே கட்டிலில் படுத்துறங்கும் ஏழைச் சிறுவனைத் தெரியாது. அவன் பட்டாளத்துச் சிப்பாயாக வந்தாலொழிய நம் கண்ணில் படுவதற்கு வழியில்லை.

படத்தின் கதாநாயகன் பில்லி காஸ்பர் அத்தகைய சிறுவன். வயது பதினைந்து. ஊர் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பார்ன்ஸ்லி. தகப்பன் வீட்டை விட்டுப் போய்விட்டான். தாய்க்குத் தன் கவலையே பெரிது. அண்ணன் ஜட் சுரங்கத்தில் வேலை செய்கிறான், தம்பியை அடிக்கிறான். பில்லியும் சாது அல்ல. கை நீளம், பொய்யும் சொல்வான். இவற்றில் எதையும் படம் மூடி மறைக்கவில்லை.

ஒரு நாள் பில்லி பழைய சுவரிலுள்ள கூட்டிலிருந்து கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூற்றின் குஞ்சை எடுத்து வருகிறான். அதைப் பழக்குவது எப்படி என்று அறிய வாசகசாலைக்குப் போனால், பெரியவர் கையெழுத்தில்லாமல் புத்தகம் தர முடியாது என்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் ஒன்றைத் திருடிக்கொண்டு வருகிறான். வகுப்பில் எதையும் படிக்காத பிள்ளை, அந்தத் தடித்த புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத் தேறுகிறான்!

அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தை ஒட்டி, ஆங்கிலேயப் பிள்ளைகளைப் பதினோரு வயதில் ஒரு பரீட்சையால் பிரித்தார்கள். தேறியவர்கள் கிராமர் ஸ்கூலுக்கு. தேறாத பெரும்பாலோர் 'செகண்டரி மாடர்ன்' என்ற பள்ளிக்கு. பதினோரு வயதில் மனிதனுடைய தலையெழுத்தைப் படித்துவிடலாம் என்று நம்பிய அந்த மேதாவிகளை என்னவென்று சொல்வது! பார்ன்ஸ்லியில் அந்தத் தலையெழுத்துக்குப் பெயர் சுரங்கம். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு வேலை சொல்ல ஓர் உத்தியோகஸ்தர் வருகிறார். சுரங்கத்தில் இறங்கமாட்டேன் என்கிறான் பில்லி. அவரோ தமது படிவத்தைப் பூர்த்தி செய்வதிலேயே கண்ணாயிருக்கிறார்.

அந்தப் பள்ளியில் ஒருவர் மட்டும் காது கொடுத்துக் கேட்கிறார். உண்மையாக நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று வகுப்பைக் கேட்கிறார் ஃபார்திங் என்னும் உபாத்தியாயர். பில்லியை எழுப்பி நிறுத்துகிறார். முதலில் முணுமுணுக்கிறான். பிறகு பறவையின் காலில் கட்டும் தோல் வாரைப் பற்றியும், கயிற்றை முதன்முதல் அவிழ்த்துவிட்ட அந்த நிமிஷத்தைப் பற்றியும் பேசத் தொடங்குகிறான். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கிறது. பிற்பாடு வயல்வெளியில், அது செல்லப் பிராணியல்ல, அதற்கு யாரும் பொருட்டல்ல என்கிறான். தன்னைக் கிட்டே நிற்க விட்டதே பெரிய பாக்கியம் என்று எண்ணுகிறவன் அவன்.

இந்தக் கதையை எழுதிய பாரி ஹைன்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன்; உபாத்தியாயராக இருந்தவர். அவருடைய நாவல் 1968-ல் வெளிவந்தது. பில்லியாக வரும் டேவிட் பிராட்லி நடிப்பறியாத பார்ன்ஸ்லிப் பள்ளி மாணவன். கால்பந்து உபாத்தியாயராக வந்து வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் பிரையன் குளோவரும் அங்கே வாத்தியார் வேலை பார்த்தவர்தான், மல்யுத்தமும் செய்தவர். அந்தக் கால்பந்துக் காட்சி சற்று நீளம் என்று சிலர் சொல்லக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தில் தோற்ற கோபத்தை அந்தப் பெரிய மனிதர் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு நோஞ்சான் பையன்மேல் தீர்த்துக்கொள்ளும்போது, அதுவரை சிரித்ததெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

குதிரைப் பந்தயத்தில் கட்டும்படி ஜட் கொடுத்த பணத்தைப் பில்லி கட்டாமல், பொரித்த மீன் வாங்கிவிடுகிறான். குதிரைகள் ஜெயித்துவிடுகின்றன. ஜட் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் எறிகிறான். ஆயினும் ஜட்டையும் ராக்ஷசன் என்று நம்மால் ஒதுக்க முடியவில்லை. விடியற்காலையில் சுரங்கத்துக்குப் புறப்படும் அவன் முகத்தை முன்னமே பார்த்துவிட்டோம். சில வருஷங்களுக்கு முன் அவனும் ஒரு பில்லியாக இருந்திருப்பான்.

இதற்கு முன் 1962-ல் டோனி ரிச்சர்ட்ஸன் எடுத்த படத்திலும் ஒரு பையன் வருகிறான். ரொட்டிக் கடையில் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்தவன். அவன் ஓட்டத்தில் கோப்பை வாங்கித் தந்தால் தமக்குப் பெருமை என்று கனவு காண்கிறார் அதன் தலைவர். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்த பையன், எல்லைக் கோட்டுக்கு அருகில் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான்! இத்தகைய பள்ளிகளுக்குப் பெயர் கொடுத்தது கெண்ட் ஜில்லாவிலுள்ள பார்ஸ்டல் கிராமம். நம் மாகாணமும் 1925-ம் வருஷத்துச் சட்டத்தினால் அந்தப் பெயரையே இறக்குமதி செய்துகொண்டது. இங்கிலாந்தில் 1982-ல் சட்டம் செய்து பார்ஸ்டல் முறையை ஒழித்தார்கள்.

பில்லி வெறுத்த சுரங்கங்களும் பிறகு மூடப்பட்டன. 1984-ல் தொடங்கி ஒரு வருஷம் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆழ்சுரங்கங்களில் கடைசியானது 2015-ல் யார்க்‌ஷயரில் மூடப்பட்டது. பின்னால் வந்த படங்களின் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று சொல்லவும் ஒரு வேலையில்லை. கிளியோ பர்னார்ட் 2013-ல் எடுத்த படத்தில் பிராட்ஃபோர்டுச் சிறுவர் இருவர் குதிரை வண்டியில் பழைய இரும்பு பொறுக்குகிறார்கள்.

லோச் 2002-ல் மறுபடியும் ஒரு பையனைக் காட்டினார். ஸ்காட்லாந்தில், கப்பல் கட்டும் தொழில் நசித்துப்போன கிரீனக் பட்டணத்தில், சிறையிலிருந்து வரப்போகும் தாய்க்கு ஒரு குடில் வாங்கித் தரவேண்டுமென்று மயக்க மருந்து விற்கிறான். 'ஸ்வீட் ஸிக்ஸ்டீன்', அதாவது இனிய பதினாறு, என்பது படத்தின் பெயர். பேச்சில் வசைமொழி அதிகம் என்று தணிக்கையாளர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பார்க்கலாகாது என்று முத்திரை குத்தினார்கள். அந்தப் பேச்சைத் தெருவில் தினந்தோறும் பேசியும் கேட்டும் வளர்கிற பதினாறு வயதுப் பிள்ளைகள், கொட்டகை வாசலில் விளம்பரப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.