கீசருக்குப் போர்வை வேண்டுமா?

பழுதாகிப்போன கீசரின் வெளிக்கூட்டைக் கழற்றினால் தண்ணீர்த் தொட்டி உடனே கண்ணில் படாது. வெளிர் மஞ்சளாக, தொட்டால் மொறமொறவென்று உதிரும் நுரை ஒன்று அதைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். பாலியூரித்தேன் நுரை. எங்கள் தொழிலில் பஃப் என்போம். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் எஃகுத் தொட்டி வெளியே வரும். குன்னூரில் கீசரும் சோலாரும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஒரு கீசரைத் திறந்ததும் காயில், தெர்மோஸ்டாட் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் என் கை அந்த நுரையின் கனத்தைத்தான் தடவிப் பார்க்கும். சில கம்பெனிக்காரர்கள் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். சிலவற்றில் ஒரு பக்கம் விரல் கனம், மறுபக்கம் அட்டை கனம்.

இந்த நுரையில் பெரும்பகுதி வாயுதான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு, நகர முடியாமல் கிடக்கிறது. நகராத வாயு சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதே கனத்துக்கு எஃகுத் தகட்டை எடுத்துக்கொண்டால் அது பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டை வெளியே தள்ளிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். 25 லிட்டர் கீசரின் உள்தொட்டிக்கு மேற்பரப்பு ஏறக்குறைய அரை சதுர மீட்டர். உள்ளே 60 டிகிரி வெந்நீர், வெளியே எங்கள் ஊர் டிசம்பர் மாதத்துக் குளியலறை, 15 டிகிரி. நுரையே இல்லாத வெறும் தொட்டி என்றால் சுமார் 200 வாட் சூடு ஓயாமல் காற்றில் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் 5 யூனிட். இரண்டு சென்டிமீட்டர் பஃப் ஊற்றிவிட்டால் இழப்பு 25 வாட் அளவுக்கு இறங்கிவிடும். நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக, பத்தில் ஒன்பது பங்கு வேலையைக் கம்பெனியே முடித்துத்தான் கீசரை நம் கையில் கொடுக்கிறது.

மிச்சம் இருக்கிற அந்த ஒரு பங்குக்காக மேலே இன்னொரு போர்வை போடலாமா? குளிர்காலம் வந்தால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் வால்வு மாற்றப் போயிருந்தபோது போனை நீட்டினார்.

“தம்பி, என் பையன் அமெரிக்காவுல இருந்து படம் அனுப்பியிருக்கான் பாரு. தண்ணி டாங்குக்கு வெள்ளிக் கலர்ல கோட்டு மாட்டி வச்சிருக்கான். கரண்டு மிச்சமாகுதாம். நம்ம கீசருக்கும் இப்படி ஒண்ணு தைச்சுப் போட்டா என்ன?”

“கீசரை எப்போ போடுவீங்க டீச்சர்?”

“காலைல அஞ்சரைக்குப் போட்டா ஆறே காலுக்குக் குளிச்சிட்டு அணைச்சிடுவேன். அவ்வளவுதான்.”

“அப்போ உங்களுக்குக் கோட்டு வேண்டாங்க டீச்சர்.”

பையன் சொன்னதும் பொய் இல்லை. அந்த ஊர் வழக்கம் வேறு. அங்கே பல வீடுகளில் 40, 50 கேலன் டாங்கு இருக்கும். நம் கணக்கில் 150 முதல் 190 லிட்டர். நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ அது நின்றுகொண்டிருக்கும். யாரும் அதை அணைப்பதில்லை. எந்த நேரத்தில் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். சும்மா நின்றே இருபத்து நான்கு மணி நேரமும் சூட்டை இழக்கிற அந்தப் பழைய டாங்குகளுக்குப் போர்வை போட்டால் நிற்கும்போது போகிற சூட்டில் 25 முதல் 45 சதவீதம் குறையும், வெந்நீர்ச் செலவில் 7 முதல் 16 சதவீதம் மிச்சமாகும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறையே மக்களுக்குச் சொல்லிவருகிறது. 2015 ஏப்ரலில் அங்கே விதியை இறுக்கிய பிறகு வரும் டாங்குகளில் உள்ளேயே நுரை கனமாகிவிட்டது. புது டாங்கு வைத்திருப்பவருக்கு அங்கேயும் போர்வையால் பெரிய லாபம் கிடையாது.

டீச்சர் வீட்டுக் கீசர் சூடாக இருப்பதே ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. அந்த நேரத்தில் வெளியே போவது இருபது வாட் மணிகூடத் தேறாது. ஆனால் 25 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 1.3 யூனிட் வேண்டும். செலவு முழுக்க அங்கேதான். இந்த 1.3 யூனிட்டைக் குறைக்க எந்தப் போர்வையாலும் ஆகாது. வாளித் தண்ணீரைக் குறைக்கலாம், இல்லாவிட்டால் வெயிலில் காய வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையையும் தட்டிவிட வேண்டியிருக்கிறது. “கீசரை அணைச்சு அணைச்சுப் போட்டாதான் கரண்டு அதிகம் இழுக்கும், பேசாம ஓடட்டும்” என்று படித்தவர்களே சொல்வார்கள். தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசமோ, அந்த அளவுக்கு வேகமாகச் சூடு போகும். வித்தியாசம் குறையக் குறைய இழப்பும் குறையும். அணைத்த கீசரில் தண்ணீர் ஆற ஆற இழப்பு தானாகவே தளர்ந்துவிடும். போட்டே வைத்த கீசரில் 60 டிகிரி குறையாமல் நிற்பதால் இழப்பும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி சூடேற்றும்போது இழந்ததைத்தான் திரும்பக் கொடுக்கிறோம்; அதற்கு மேல் அபராதம் எதுவும் இல்லை. எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை. சரி, அவர்கள் வீட்டு மீட்டர் அவர்கள் பாடு.

போர்வையால் பலன் காணும் வீடுகளும் இங்கே இருக்கின்றன. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கீசரை அணைக்க முடியாது. விருந்தாளி ராத்திரி பதினொன்றுக்கு வந்து இறங்கி வெந்நீர் கேட்பார். நான்கு தலைமுறை சேர்ந்து இருக்கிற வீட்டில் பாத்ரூம் காலை முதல் மதியம் வரை காலியாகவே இருக்காது. இப்படி நாள் முழுக்க ஓடும் 25 லிட்டர் கீசருக்கு ஐந்து சென்டிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு சுற்றினால் 25 வாட் இழப்பு 10 வாட் அருகே வந்துவிடும். நாளுக்கு மூன்றில் ஒரு யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் 20 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 120 ரூபாய். அறைக்கு ஒரு கீசர் என்று எட்டு, பத்து வைத்திருப்பவருக்கு இது கணக்கில் வரும். அவரிடமும் நான் முதலில் சொல்வது, தெர்மோஸ்டாட் 75இல் இருந்தால் 60க்கு இறக்குங்கள் என்பதுதான். 15 டிகிரிக் குளிரில் அந்த ஒரு திருகல் இழப்பில் கால் பங்கைக் குறைத்துவிடும், காசும் செலவில்லை. 60க்குக் கீழே இன்னும் இறக்கினால் மிச்சமாகுமே என்று ஆசைப்பட வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும், நுரையீரலைத் தாக்கக்கூடியது.

பழைய கீசரில் நுரை நன்றாக இருக்கிறதா என்று கழற்றாமலே பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்குச் சூடாக்கி, விளக்கு அணைந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. காலை ஆறுக்கு முதல் ஒரு லிட்டரைக் கீழே விட்டுவிட்டு, அடுத்து வருவதில் தெர்மாமீட்டர் வையுங்கள். 60இல் விட்ட 25 லிட்டர் எங்கள் குளிரிலும் 50க்கு மேல் நின்றால் நுரை நலமாக இருக்கிறது. வெறும் வெதுவெதுப்பு என்றால் எங்கோ ஈரம் புகுந்து நுரை கெட்டிருக்கிறது. அதற்கு மேலே போர்வை போடுவதைவிடக் கீசரை மாற்றுவது நல்லது.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், சோலார். மின் கீசரில் சூடாக்குவதும் குளிப்பதும் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன. சோலாரில் வெயில் மதியம், குளியல் மறுநாள் விடிகாலை. நடுவே பதினைந்து மணி நேரம், அதிலும் ஒரு முழு ராத்திரி, மொட்டை மாடியில் பனிக்காற்றில் தண்ணீர் நிற்க வேண்டும். அங்கே வெப்பக் காப்பு இல்லையென்றால் சோலாரே இல்லை.

இதை வியாபாரத்தில் நிரூபித்தவர் வில்லியம் பெய்லி என்ற அமெரிக்கர். 1891இல் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் ‘கிளைமாக்ஸ்’ என்ற பெயரில் சூரிய வெந்நீர்ப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகள். நல்ல வெயிலில் தண்ணீர் நன்றாகக் காயும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். வெயில் வாங்குகிற இடமும் தண்ணீர் நிற்கிற இடமும் ஒன்றாக இருந்ததுதான் கோளாறு. வெயிலுக்காகத் திறந்திருந்த முகம் வழியாகவே ராத்திரியில் சூடு போய்விடும். 1909இல் கலிபோர்னியாவில் பெய்லி இரண்டையும் பிரித்தார். வெயிலில் குழாய்கள் பதித்த தகடு. அதைவிட உயரத்தில், நன்றாகப் பொதிந்து மூடிய தனித் தொட்டி. சூடான தண்ணீர் இலேசாவதால் பம்பு இல்லாமலே மேலே ஏறித் தொட்டியில் சேர்ந்துவிடும். கம்பெனிக்கு ‘டே அண்ட் நைட்’ என்று பெயர் வைத்தார். ராத்திரியிலும் வெந்நீர் கிடைக்கும் என்றதும் பழைய பெட்டியை வாங்க ஆளில்லாமல் போயிற்று. இன்று எங்கள் ஊர் மாடிகளில் இருக்கும் சோலாரும் அடிப்படையில் அதே அமைப்புதான். குழாய் மட்டும் பலவற்றில் இரட்டைக் கண்ணாடியாகி, நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் வந்திருக்கிறது. ஜேம்ஸ் டியூவர் 1892இல் செய்த ஃபிளாஸ்க்கின் வேலை அது.

சோலார் டாங்கில் ஐந்து சென்டிமீட்டர் பஃப் ஒழுங்காக இருந்தால் ராத்திரியில் சில டிகிரிதான் இறங்கும். கெடுக்கிறது மழை. எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வெளித்தகட்டின் மூட்டில் ஒரு துரு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே ஈரம் ஏறிவிடும். நின்ற காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 24 மடங்கு சூடு கடத்தும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் காப்பு பெயருக்குத்தான். “சோலார்ல முன்ன மாதிரி சூடு வரலை, ட்யூப் மாத்தணும்போல” என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் தகட்டு மூட்டுகளைத்தான் பார்ப்பேன்.

அடுத்து மாடியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய். முக்கால் இஞ்சுக் குழாய் இருபது மீட்டர் ஓடினால் அதற்குள் 5 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. மூடாத குழாயில் அரை மணி நேரத்துக்குள் சூட்டில் பாதிக்கு மேல் போய்விடும், காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். ஏசிக் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் ஸ்லீவை, அரை இஞ்சுக் கனத்தில் போட்டால் ஆறுவதற்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரை ஸ்லீவும் காப்பாற்றாது, விடிகாலை முதல் ஐந்து லிட்டர் ஜில்லென்றுதான் வரும். ஒருவர் குளித்து அடுத்தவர் போவதற்குள் குழாய் ஆறாமல் இருக்கும், அதுதான் லாபம். ஸ்லீவை வெயிலில் அப்படியே விட்டால் பொடிப்பொடியாக உதிரும். மேலே அலுமினியத் தகடோ டேப்போ கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரில் குரங்குக்காகவும் தகடு வேண்டும். வெறும் டேப் மினுமினுத்தால் முழு நீளத்துக்கும் உரித்துப் போட்டுவிட்டுத்தான் போகும்.

மின் கீசருக்கு நீங்களே போர்வை சுற்றுவதானால் மெயினை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வயர் சேரும் மூடி, தெர்மோஸ்டாட் திருகு, இண்டிகேட்டர் விளக்கு, சேஃப்டி வால்வு, அதன் வடிகுழாய் இவற்றை மூடவே கூடாது. வால்வு அடைபட்டால் தொட்டிக்குள் அழுத்தம் போக வழியில்லை. தெர்மோகோல் சூட்டில் சுருங்கும், தீப்பிடிக்கும். பழைய கம்பளியும் வேண்டாம். கண்ணாடிப் பஞ்சுக்கு அலுமினியத்தாள் ஒட்டிய வகை வாங்குங்கள், கையுறை போடுங்கள், அரிப்பு இரண்டு நாள் போகாது. ஒழுகுகிற கீசருக்குப் போர்வை போட்டால் ஒழுகல் மறைந்து துருதான் வளரும். வாரண்டி இருக்கும் கீசர் என்றால் அட்டையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். கேஸ் கீசரின் பக்கம் இந்த யோசனையே வேண்டாம். அதில் மூடிக் காப்பதற்குத் தொட்டி கிடையாது. காற்று வழி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமில்லாத விஷம். பூட்டிய குளியலறைகளில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

புதுக் கீசர் வாங்கப் போகிறவர்கள் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், எரிசக்தித் திறன் லேபிளில் இருக்கும் நிலை இழப்பு எண்ணையும் படியுங்கள். தண்ணீருக்கும் காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் வைத்து, 24 மணி நேரம் சும்மா நிற்க எத்தனை யூனிட் பிடித்தது என்பதுதான் அது. லிட்டர் ஒன்றாக இருக்கும் இரண்டு கீசர்களுக்குள் ஒப்பிடுங்கள்; 15 லிட்டரை 25 லிட்டரோடு ஒப்பிட்டால் சின்னதுதான் ஜெயிக்கும். டிஸ்பிளேயில் லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தால் கடைப்பையனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.